ஸ்லைடு ப்ளூஸுக்கு கிட்டார் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் கிட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் பெருமையாகச் சொல்வது, “ஆக்‌ஷன் கம்மி சார், விரலே வலிக்காது” என்பதுதான். கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்தான் ஆக்‌ஷன். பல தந்திகளைச் சேர்த்து அமுக்கிக் கார்டு பிடிப்பவருக்கு அது குறைவாக இருப்பது சரி. ஸ்லைடு வாசிக்க நினைப்பவர் அதை நம்பி வாங்குவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் கூட.

ஸ்லைடில் தந்தியை அமுக்குவதே இல்லை. விரலில் மாட்டிய கண்ணாடி அல்லது பித்தளைக் குழாய் தந்தியை லேசாகத் தொட்டபடி நகர வேண்டும். தந்தி தாழ்வாக இருந்தால் குழாய் ஃபிரெட் கம்பியில் இடித்து கடகடக்கும். 12-ஆவது ஃபிரெட்டில் தந்தி சுமார் 3 மி.மீ. உயரத்தில் இருந்தால் நல்லது. அந்த உயரத்தில் கார்டும் ஓரளவு பிடிக்கலாம். கடைக்குப் போகும்போது குழாயைக் கையோடு கொண்டுபோய் மாட்டி இழுத்துப் பாருங்கள். வேறெந்தச் சோதனையும் இவ்வளவு உண்மை சொல்லாது.

தந்தி உயரமாக இருப்பதால் யாரும் வாங்காத கிட்டார் உங்களுக்குப் பொருந்தலாம். ஆனால் அந்த உயரம் எதனால் வந்தது என்று பார்த்தே ஆக வேண்டும். மேல்பலகையில் ஒட்டி, தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அதன் பின்னால் மேல்பலகை புடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த கிட்டாருக்கு இதெல்லாம் நடக்கும். பழைய கிட்டார் வாங்குபவர் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

தாழ்ந்த தந்தியை உயர்த்த, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் திருகுபவர்கள் இருக்கிறார்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய மட்டுமே. அதற்குப் பதில், பிரிட்ஜில் தந்தி உட்காரும் பட்டையான சேடிலை உயரமானதாகப் போடுங்கள். கழுத்தின் தலைமுனையில் தந்தி உட்காரும் பட்டையான நட்டின் மேல் மாட்டும் உயர்த்தியும் உண்டு, அதைக் கழற்றினால் கிட்டார் பழையபடி ஆகிவிடும்.

அடுத்தது தந்தி. எதையும் அமுக்காமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பதுதான் ஓப்பன் ட்யூனிங். ஓப்பன் ஜி, ஓப்பன் டி ட்யூனிங்குகளில் சில தந்திகளைத் தளர்த்துகிறோம். புதுக் கிட்டாரில் 10 கேஜ் (தந்தியின் தடிமன் அளவு) தந்தி இருந்தால் அது தொய்ந்து, குழாய்க்குக் கீழே அமுங்கிவிடும். 12 அல்லது 13 போடுங்கள். ஆனால் தடித்த தந்தியோடு ஓப்பன் ஈ-க்கு முறுக்கி ஏற்றினால் மலிவான கிட்டாரின் பிரிட்ஜ் தாங்காது. நைலான் தந்தி கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுத் தந்தி மாட்டும் யோசனையும் வேண்டாம்.

உள்ளே உலோகக் கூம்பு வைத்து ஓசையைப் பெருக்கும் ரெசனேட்டர் கிட்டார் இல்லாமல் ப்ளூஸா என்று காத்திருப்பதும் வீண். 1927-இல் நேஷனல் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது, ஆம்ப்ளிஃபயர் பரவாத காலத்தில் சத்தம் கூடுதலாக வேண்டும் என்பதற்காக. ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸின் உலோக உடல் ரெசனேட்டர் ஓசை அலாதியானதுதான். ஆனால் இன்னொரு ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனின் ஸ்டுடியோ புகைப்படத்தில் அவர் கையில் இருப்பது கிப்சன் எல்-1, சின்ன உடம்புள்ள மரக் கிட்டார்.

அப்புறம், உடல் 12-ஆவது ஃபிரெட்டிலேயே சேரும் கிட்டாரை யோசித்து வாங்குங்கள். ஓப்பன் ட்யூனிங்கில் மேல்ஸ்தாயி ஆதாரக் கார்டு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தாண்டவும் கைக்கு இடம் வேண்டும். 14-இல் சேர்ந்தால் வசதி. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு ஸ்லைடின் இழைவு உடனே பிடிபடும். ஆனால் அதில் ஃபிரெட் கிடையாது. கிட்டாரில் குழாய் ஃபிரெட் கம்பிக்கு நேர்மேலே நின்றால்தான் சுருதி சேரும், இரண்டு கம்பிகளுக்கு நடுவில் அல்ல. அதனால் கழுத்தின் பக்கவாட்டுப் புள்ளிகள் உட்கார்ந்த நிலையில் தெளிவாகத் தெரிகின்றனவா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.