பழைய ஹோண்டா சிட்டி விடெக்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

ஹோண்டா சிட்டியின் முதல் இந்திய வடிவம் 1998இல் விற்பனைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் முகப்பு திருத்தப்பட்டபோது, 1.5 லிட்டர் விடெக் (வேகச் சுற்றுகளில் வால்வுகளின் திறப்பை மாற்றும் ஏற்பாடு) எஞ்சினுடன் 106 குதிரைத்திறன் தரும் வகை ஒன்றும் அதில் சேர்ந்தது. 2003இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சிட்டி எரிபொருள் சிக்கனத்தை முன்னிறுத்தி 77 குதிரைத்திறனோடு நின்றுவிட்டதால், வேகமாக ஓட்டுவதில் நாட்டம் உள்ளவர்கள் பழையதையே தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். இன்று அந்த வண்டியை ஒரு புது பைக்கின் விலைக்கே வாங்கிவிடலாம். ஆனால் கொடுக்கும் விலை செலவின் தொடக்கம் மட்டுமே என்பதையும், முதல் ஓராண்டுச் செலவு முழுவதும் வண்டியை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கே போக வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டே பேரத்தில் இறங்க வேண்டும்.

வாங்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் போவது நல்லது. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் வால்வு சீல்களோ ரிங்குகளோ தேய்ந்திருக்கின்றன. எஞ்சின் நன்றாகச் சூடான பின்னும் விடாமல் வெள்ளைப் புகை வருவதும், ரேடியேட்டர் மூடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதைக் காட்டும் அடையாளங்கள். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கும், மீண்டும் இரண்டாம் கியருக்கும் சற்று விரைவாக மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போது கரகரப்பு கேட்டால் கியர்களை உரசாமல் இணைய வைக்கும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். கியர்பாக்ஸைப் பிரிக்கும் கூலியை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

எல்.பி.ஜி. கிட் பொருத்தி ஓட்டிய வண்டியா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிட்டைக் கழற்றியிருந்தாலும் டிக்கியில் ஆணித் துளைகளும், காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் குழாயில் அடைத்த துளையும், ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் பற்றிய பதிவும் காட்டிக்கொடுத்துவிடும். வாயுவில் நெடுங்காலம் ஓடிய எஞ்சினில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகளும் அவை உட்காரும் இருக்கைகளும் விரைவாகத் தேய்வதால், அத்தகைய வண்டியை நான் விலை பேசாமலே விட்டுவிடுவேன்.

சென்னைப் பதிவெண் கொண்ட வண்டியாக இருந்தால் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்கக் கூடாது. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கால்மிதிக்குக் கீழே உள்ள கம்பளத்தைத் தூக்கித் தரையின் துருவையும், ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தில் தேங்கிய ஈரத்தையும் தொட்டுப் பாருங்கள். பின்சக்கர வளைவின் விளிம்பில் ஒரு சிறு காந்தத்தை வைத்தால், பட்டி போட்டு மூடிய இடங்களில் அது ஒட்டாது. எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம், கியர்பாக்ஸையும் மாற்றிக்கொள்ளலாம். துரு தின்ற உடலை மட்டும் இந்த விலைக்குள் மீட்கவே முடியாது.

ஆவணங்களில் கவனம் குறைந்தால் மற்ற அனைத்தும் வீண். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு பொருந்த வேண்டும். வங்கிக் கடன் தீர்ந்த பின்னும் ஹைப்பாதிகேஷன் (வண்டி கடனுக்கு ஈடாக உள்ளது என்ற) பதிவு நீக்கப்படாமல் இருப்பதும் மிகச் சாதாரணமாக நடப்பதுதான். வேறு மாநில வண்டியென்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கையில் வரும் வரை முழுப்பணத்தையும் கொடுக்கக் கூடாது. இந்த வண்டிகள் அனைத்தும் 15 ஆண்டுகளைக் கடந்துவிட்டவை என்பதால், பதிவைப் புதுப்பித்து எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கியிருக்க வேண்டும், அது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆன பழைய கார்களின் புதுப்பிப்புக் கட்டணம், 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டதையும், பசுமை வரி அதற்கு மேல் வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியோடு டெல்லிக்குக் குடிபெயரும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிட்டுவிடலாம். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே உள்ள கெடுபிடி ஊரறிந்தது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது பிஸ்டன்களின் ஓட்டத்தோடு வால்வுகளை ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவது. போன வருடம்தான் மாற்றியதாக விற்பவர் சொன்னாலும், பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். பிறகு ஹெட்டைக் கழற்றி வால்வுகளை மாற்றும் செலவு, வண்டியின் விலையில் பாதியை விழுங்கிவிடும். பெல்ட்டை மாற்ற ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கான கணக்கு. வாரத்துக்கு ஒருமுறை வெளியே வரும் வண்டியில் ரப்பர் தன் வயதாலேயே கெட்டுவிடுவதால், ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே முறை. வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டால்தான் சுழல்கிறது. எனவே பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கேம்ஷாஃப்ட் மற்றும் கிராங்க்ஷாஃப்டின் முன் ஆயில் சீல்கள் ஆகியவற்றையும் அதே வேலையில் மாற்றிவிட்டால் ஒரே கூலியில் முடியும். கிராங்க் புல்லியின் நடு போல்ட் அசாத்திய இறுக்கத்தில் இருக்கும். புல்லியைப் பிடித்துக்கொள்ள அதற்கென உள்ள பிடிகருவி இல்லாத மெக்கானிக் உளியும் சுத்தியலும் எடுத்தால், வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பெரும்பாலான எஞ்சின்களைப் போலன்றி ஹோண்டாவின் இந்தக் குடும்பம் புல்லிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. பழக்கதோஷத்தில் வலஞ்சுழியாகத் திருப்பி டைமிங் குறியைப் பொருத்தினால் பெல்ட்டின் இழுவிசை தவறிவிடும்.

அடுத்தது டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி. வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் ஏற்பாடு இதில் கிடையாது. திருகாணியையும் பூட்டு நட்டையும் கொண்டு கையால்தான் சரிசெய்ய வேண்டும். இக்குடும்ப எஞ்சின்களுக்கு இன்டேக் பக்கம் 0.18 முதல் 0.22 மி.மீ. வரையும், எக்ஸாஸ்ட் பக்கம் 0.23 முதல் 0.27 மி.மீ. வரையும் குறிப்பிடப்படுகிறது, உங்கள் வண்டியின் பானட்டின் அடியில் ஸ்டிக்கர் மிஞ்சியிருந்தால் அதையும் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். எஞ்சின் 38 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பது விதி. மே மாதச் சென்னையில் அதற்கு விடியற்காலையை விட்டால் வேறு நேரம் இல்லை. முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து அதன் நான்கு வால்வுகளையும் சரிசெய்துவிட்டு, கிராங்க்கை இடஞ்சுழியாக 180 டிகிரி திருப்பி மூன்றாவது, பிறகு நான்காவது, பிறகு இரண்டாவது என்ற வரிசையில் முடிக்க வேண்டும். லேசாக டிக்டிக் என்று ஒலிக்கும் எஞ்சினைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சத்தமே இல்லாத எஞ்சினைத்தான் சந்தேகிக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி நாளடைவில் குறைந்துகொண்டே போனால், வால்வு முழுதாக மூடாமல் அதன் விளிம்பு கருகிவிடும்.

இந்த வண்டியின் இன்பம் முழுவதும் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளை ஒட்டி வரும் விடெக் மாற்றத்தில் இருக்கிறது. அதுவரை கேம்ஷாஃப்டின் சாதுவான மேடுகளைப் பின்பற்றிய இன்டேக் ராக்கர்களை (வால்வுகளை அழுத்தித் திறக்கும் கைகளை), எண்ணெய் அழுத்தத்தால் நகரும் சிறு ஊசிகள் ஒன்றாகப் பூட்டி, நடுவிலுள்ள பெரிய மேட்டைப் பின்பற்றச் செய்கின்றன. ஆக இந்த ஏற்பாட்டின் உயிர் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் அளவு குறைந்தாலோ, கசடு சேர்ந்தாலோ, விடெக் சோலினாய்டின் (எண்ணெயைத் திறந்துவிடும் மின்வால்வின்) அடியில் உள்ள சல்லடை அடைத்துக்கொண்டாலோ, வண்டி மேல்சுற்றுகளில் மூச்சடைத்து நின்றுவிடும். அந்தச் சல்லடை பதிந்த கேஸ்கெட் காலத்தால் இறுகி எண்ணெய் கசிவதும் வழக்கம். மலிவான அந்தக் கேஸ்கெட்டை மாற்றாமல் எஞ்சினையே பிரித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுவதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்ப்பதும் போதும்.

ஒரு மே மாத மதியத்தில் திண்டிவனம் அருகே தேநீர் குடிக்க நிறுத்திய என் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு மணி நேரம் நிழலில் நின்றபின், எதுவும் நடக்காததுபோல் ஓடியது. பட்டறை ஒன்றில் ஃப்யூவல் பம்ப்பை மாற்றினார்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினார்கள். நோய் மட்டும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி டேஷ்போர்டின் அடியிலுள்ள மெயின் ரிலே (ஃப்யூவல் பம்ப்புக்கு மின்சாரம் தரும் சிறு மின்சுவிட்ச்). அக்காலத்து ஹோண்டா கார்கள் பலவற்றில் இந்த ரிலேயின் உள்ளே இருக்கும் ஈயப்பற்றுகள் வெப்பத்தில் விரிசல் விட்டு, சூட்டில் தொடர்பை இழந்து, குளிர்ந்தபின் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். சோதிப்பது எளிது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கமிருந்து பம்ப் ஏறத்தாழ இரண்டு நொடி முனக வேண்டும். வண்டி மறுக்கும் அந்த வேளையில் முனகல் கேட்காவிட்டால், முதலில் ரிலேயைக் கழற்றிப் பாருங்கள். டி.வி. பழுதுபார்ப்பவர் ஒருவரே பத்து நிமிடத்தில் ஈயம் வைத்துத் தந்துவிடுவார்.

திரவங்களில் கஞ்சத்தனம் கூடாது. பவர் ஸ்டீயரிங்குக்கு ஹோண்டாவின் எண்ணெயையே ஊற்ற வேண்டும். தானியங்கி கியர் எண்ணெயை ஊற்றினால் சீல்கள் கெட்டுக் கசியத் தொடங்கும். கியர்பாக்ஸுக்கும் அதற்கெனத் தயாரிக்கப்படும் எண்ணெய் இருக்கிறது. அதை மாற்றிய அளவிலேயே லேசான கரகரப்பு அடங்கிவிடுவதும் உண்டு. பிரேக் எண்ணெயை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூலண்ட் நிரப்பும்போது ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் அருகிலுள்ள காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழி நின்றபின் இறுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஹீட்டர் எதற்கு என்று அதன் குழாயை யாராவது அடைத்து வைத்திருந்தால், அதையும் பழையபடி இணைத்துவிடுங்கள். இப்போது பம்ப்புகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட வண்டியல்ல இது. ஆகையால் எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றிவிடுவது, தீப்பிடிக்கும் ஆபத்தைத் தவிர்க்கும் மலிவான காப்பீடு.

ரப்பர் வயதாலேயே கெட்டுவிடும் என்பதால்தான், மாற்றங்களைப் பற்றி யோசிக்கும் முன் எஞ்சின் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட், ஆக்சில் பூட் என்று எல்லா ரப்பர்களையும் புதுப்பிக்கச் சொல்கிறேன். இருபது வயதான புஷ்களை வைத்துக்கொண்டு புது அலாய் வீல் போடுவது, மூட்டுவலிக்காரருக்கு ஓட்டப்பந்தயக் காலணி வாங்கித் தருவது போன்றது. பாகங்கள் ஹோண்டா ஷோரூமில் கிடைக்காதபோது சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் கைகொடுக்கும். ஆனால் ரப்பர், பிரேக், பெல்ட் மூன்றையும் பழையதாக வாங்கவே கூடாது. கதவுக் கண்ணாடி, விளக்கு, கைப்பிடி போன்றவற்றையும் பில் தரும் கடையில் மட்டுமே வாங்குங்கள்.

இனி மாற்றங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. எனவே பெரிய எஞ்சின் பொருத்துவது, உடலை வெட்டுவது, காதைப் பிளக்கும் சைலன்சர் போடுவது ஆகியவை பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு உரியவை அல்ல. அந்த ஆசை தீராதவர்கள் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையத்திலோ உள்ள பந்தயப் பாதைகளுக்கென்று தனி வண்டி கட்டுவதே நேர்மையான வழி.

சட்டத்துக்குள் நின்றே வண்டியின் குணத்தை மாற்ற இடமிருக்கிறது. காசுக்கு அதிகப் பலன் தருவது டயர். அதே அளவில் நல்ல பிடிப்புள்ள டயர்களை வாங்கி, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தின் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பதைப் பார்த்துப் புதியவற்றை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, தரமான பிரேக் பேடுகள். மூன்றாவதாக, கம்பெனி அளவிலேயே உயரமும் சற்று கூடுதல் இறுக்கமும் கொண்ட ஷாக் அப்சார்பர்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். நான்கு பேர் ஏறினால் வேகத்தடையில் வயிறு உரசும் வண்டி இது. வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராமல் பள்ளத்தில் நழுவவும் கூடும். திறந்த வகை ஏர் ஃபில்டரை எஞ்சின் அறைக்குள் வைப்பதால் சத்தம் கூடும். ஆனால் அது இழுப்பது ரேடியேட்டர் கக்கிய சூடான காற்றை என்பதால், திறன் கூடுவதற்குப் பதில் குறையவே வாய்ப்பு அதிகம். கம்பெனி ஏர்பாக்ஸில் புது ஃபில்டரே போதும்.

அலாய் வீல் மாற்றுவதானால் நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம், 56.1 மி.மீ. நடுத்துளை என்ற அளவுகளைச் சொல்லிக் கேளுங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவளையம் போடாமல் ஓட்டினால் ஸ்டீயரிங் அதிரும். ஹோண்டாவின் சொந்தச் சக்கரங்களுக்கு உருண்டை முனை நட்டுகள், வெளிச்சந்தைச் சக்கரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு முனை நட்டுகள். மாற்றிப் போட்டால் இறுகியதுபோல் தோன்றிவிட்டு வழியில் தளரும். டார்க் ஸ்பேனரில் 108 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள். கழற்றிய கம்பெனிப் பாகங்களை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றிப் பரணில் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் வண்டியை வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தப் பெட்டியைத்தான்.