ஹெட்ஜ்ஹாக் மரபணுவோடு மல்லுக்கட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் லேபுக்குப் புதிதாக வந்த மாணவி ஒரு கல்ச்சர் தட்டை நீட்டி, "அக்கா, புரதம் செத்துப்போச்சு போல. புதுசு வாங்கலாமா?" என்று கேட்டாள். 12 வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன், கிட்டத்தட்ட அதே குரலில். அதனால்தான் இதை எழுதுகிறேன். கருவில் எந்த உறுப்பு எங்கே, எப்படி வளர வேண்டும் என்று செல்களுக்குச் சிக்னல் சொல்லும் புரதத்தைத் தருவதுதான் ஹெட்ஜ்ஹாக் மரபணு. பிப்பெட் பிடிப்பது, தட்டில் பூஞ்சை வருவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை தானாகவே சரியாகிவிடும்.

"ஹெட்ஜ்ஹாக் பிறழ்வு" என்று மொட்டையாகச் சொல்வது

அந்தச் சிக்னல் செல்லுக்குள் போகும் பாதை தடைக்கு மேல் தடையாகக் கட்டப்பட்டது. பேட்ச்டு என்ற ஏற்பி, ஸ்மூதன்டு என்ற புரதத்தின் வாயைப் பொத்தி வைத்திருக்கும். நம் உடலில் உள்ள ஹெட்ஜ்ஹாக் புரதங்களில் ஒன்றான சானிக் ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டுவில் ஒட்டினால்தான் அந்தப் பிடி தளரும். அப்புறம் கிளி புரதங்கள் நியூக்ளியஸுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். (பறவைக்கும் இந்தக் கிளிக்கும் சம்பந்தமில்லை. கிளையோமா என்ற மூளைக்கட்டியில் முதலில் அகப்பட்டதால் வந்த பெயர்.)

ஆகவே எந்தப் புரதம் பழுதானது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாக மாறும். சானிக் ஹெட்ஜ்ஹாக்கின் ஒரு பிரதி பழுதானால் சிக்னல் குறையும். கருவில் முன்மூளை இரண்டாகப் பிரியாமல் போகலாம். அதே பிறழ்வு உள்ள இன்னொரு உறவினருக்கு மேல்வரிசை நடுவில் ஒற்றைப் பல் மட்டுமே அடையாளமாக இருக்கும். பேட்ச்டு பழுதானாலோ சிக்னல் அணையாது. பரம்பரையாக வரும் கார்லின் நோய்க்குறி, தோலில் பேசல் செல் புற்றுநோய், குழந்தைகளின் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா கட்டி எல்லாம் அந்தப் பக்கம்.

சிலியம் இல்லாத செல்லிடம் பேசிக்கொண்டிருப்பது

என் 7 மாதத்தை விழுங்கிய தவறு இது. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

என்ஐஎச் 3டி3 என்ற சுண்டெலிச் செல்கள்மேல் ஹெட்ஜ்ஹாக் புரதத்தை விட்டு, சிக்னல் கிடைத்ததற்கு அடையாளமாக கிளி1 மரபணுவின் ஆர்.என்.ஏ. ஏறுகிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. எனக்கு ஒரு தடவை கொஞ்சம் ஏறும், அடுத்த தடவை அசையவே அசையாது. புரதம் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கினேன். ஆர்.என்.ஏ.வை அளக்க உதவும் பிரைமரை மாற்றினேன். உறைய வைத்திருந்த பழைய செல்களை எடுத்து மறுபடி வளர்த்தேன். பக்கத்து மேசையில் சிறுநீரகக் கட்டி நோயில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார்: "உங்க செல்லுக்கு சிலியம் இருக்கா, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. செல்லின் மேல் ஆன்டெனா மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழைதான் சிலியம். அதைப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாது. நான் படித்ததெல்லாம் பழ ஈ பற்றிய கட்டுரைகள். இந்த மரபணு அங்கேதான் முதலில் கண்ணில் பட்டது. 1980இல் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷவுஸும், உடலெங்கும் முள் முளைத்த ஈப் புழுவைப் பார்த்து முள்ளெலியின் பெயரை வைத்தார்கள். ஈயின் பெரும்பாலான செல்களில் இந்தச் சிக்னலுக்கு சிலியம் தேவையே இல்லை. முதுகெலும்பிகளில் அது இல்லாமல் நடக்காது என்று 2003இல் கேத்ரின் ஆண்டர்சன் குழு சுண்டெலிக் கருக்களை வைத்துக் காட்டியது. அந்த ஒற்றை இழையில்தான் பேட்ச்டு உட்கார்ந்திருக்கும். ஹெட்ஜ்ஹாக் ஒட்டியதும் அது வெளியேற, ஸ்மூதன்டு உள்ளே வரும்.

நான் என்ன செய்தேன் என்றால், பாதி நிரம்பிய தட்டில் 10% சீரத்தோடு (செல்லுக்கு ஊட்டம் தரும் ரத்த நீர்) செல்களைச் செழிப்பாக வளர்த்தேன். பிரியும் செல் சிலியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் அடியில் இருக்கும் சென்ட்ரியோல் செல் பிரிவுக்கு வேண்டும். நன்றாக வளர்ந்த என் செல்களுக்குக் காதே இல்லை!

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தட்டு நிரம்பட்டும். சீரத்தை 0.5%க்குக் குறைத்து ஒரு நாள் பட்டினி போடுங்கள். அதன்பிறகு புரதத்தைச் சேருங்கள். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு கவர்ஸ்லிப்பை ஒதுக்கி, அசெட்டைல் டியூபுலின் ஆன்டிபாடியால் சிலியத்தைக் கண்ணால் பாருங்கள். ஸ்மூதன்டுவை நேரடியாகத் தூண்டும் எஸ்ஏஜி மருந்தையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அதற்கும் கிளி1 ஏறவில்லை என்றால் புரதத்தைத் திட்டாதீர்கள்.

கட்டிகளை ஆராய்பவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். கிளி புரதங்களின், மரபணுக்களை அடக்கி வைக்கும் வடிவத்தையும் சிலியம்தான் உருவாக்குகிறது. அதனால் ஸ்மூதன்டு முடுக்கிய கட்டி சிலியம் போனால் ஒடுங்கும். கிளி2 முடுக்கிய கட்டி சிலியம் போனால் இன்னும் வேகமாக வளரும். 2009இல் சுண்டெலிகளில் இரண்டையுமே பார்த்துவிட்டார்கள்.

அந்த மாணவியின் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பாதிகூட நிரம்பவில்லை.

வால் முனையில் ஒளிரும் புரதத்தை ஒட்டுவது

ஹெட்ஜ்ஹாக் தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொள்ளும். சிக்னல் தருவது முன்பாதி. உங்கள் பச்சை ஒளி பின்பாதியோடு போய்விடும்.

மருந்து எங்கே பிடிக்கிறது என்று பார்க்காதது

காட்டுச் செடி ஒன்றைத் தின்ற ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றதைத் துருவித்தான் சைக்ளோபமைன் கிடைத்தது. அது பிடிப்பது ஸ்மூதன்டுவை. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விஸ்மோடெகிப் என்ற புற்றுநோய் மருந்தும் அங்கேயேதான் பிடிக்கிறது. பழுது அதற்குக் கீழே, கிளியை அடக்கும் சுஃபு என்ற புரதத்திலோ கிளியிலோ இருந்தால் மேலே அடைத்து என்ன பயன்?

கர்ப்பிணிக்கும் வளரும் குழந்தைக்கும் அதே மருந்து

கருவைச் சிதைக்கும். எலும்பின் வளர்ச்சித் தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும்.

எக்ஸான் சுத்தம், ஆகவே மரபணு சுத்தம் என்பது

கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரலோடு பிறப்பவர்களில் சிலருக்கு சானிக் ஹெட்ஜ்ஹாக்கின் எக்ஸான்களில், அதாவது புரதத்துக்கான குறிப்பு இருக்கும் பகுதிகளில், எழுத்துகள் ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். பிழை இருப்பது சுமார் 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, எல்எம்பிஆர்1 என்ற வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள், அதாவது புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைப்பகுதிக்குள். கை கால் மொட்டில் இந்த மரபணுவை எங்கே, எவ்வளவு இயக்குவது என்று தீர்மானிக்கும் சுவிட்ச் அங்கே இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே, கட்டைவிரல் பக்கத்தில் வரக்கூடாத இடத்தில் சிக்னல் கிளம்பிவிடும். எக்ஸானை மட்டும் படித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அறிக்கை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.