அமெரிக்கக் குற்றவியல் சட்ட வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

தில்லியில் சட்டம் பயிலும் நம் மாணவர்கள், நாடு முழுவதற்கும் ஒரே தண்டனைச் சட்டம் அமெரிக்காவிலும் இருக்கும் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். அங்கே பெரும்பாலான குற்றங்கள் மாநிலச் சட்டங்களின்கீழ் வருபவை.

1787இல் எழுதப்பட்ட அரசமைப்பைத் திறந்து, அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட குற்றங்களைக் கோடிடுங்கள். தேசத்துரோகம், கள்ள நாணயம், கடற்கொள்ளை என விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்து, 1790ஆம் ஆண்டின் குற்றச் சட்டத்தையும், நாடாளுமன்றம் சட்டமியற்றிக் குற்றமென அறிவிக்காத செயலுக்குக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தண்டனை விதிக்க இயலாது என்ற 1812ஆம் ஆண்டின் ஹட்சன் தீர்ப்பையும் ஒரே அமர்வில் படித்துவிடலாம்.

நிதானமாகப் படிக்க வேண்டியவை 1960களின் தீர்ப்புகள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத கிளாரன்ஸ் கிடியன், புளோரிடா சிறையிலிருந்து கோடிட்ட தாளில் பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவே, கடுங்குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தர வேண்டும் என்ற 1963ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு வழிவகுத்தது. கூட்டாட்சி அரசமைப்பு உரிமை மாநில நீதிமன்றத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று குழம்பினால், 1868இல் வந்த 14ஆவது திருத்தத்துக்குத் திரும்புங்கள். என் கணிப்பில், பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

மேப் தீர்ப்பைப் (1961) படிக்கும்போது, நம் உச்ச நீதிமன்றத்தின் பூரண்மல் தீர்ப்பையும் (1974) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முறைகேடான சோதனையில் கிடைத்த சான்றை அமெரிக்க நீதிமன்றம் ஒதுக்கியது. நம் நீதிமன்றமோ, அந்தக் காரணத்துக்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை என்றது.