பழைய ஆட்டத்துக்கு அழைப்பு வந்தால்

பழைய இணைய விளையாட்டு ஒன்றுக்கு ரசிகர்கள் நாள் குறித்திருக்கிறார்களா? முந்தைய நாளே ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள். ஆட்டம் நடக்கும் சர்வர்களைப் பட்டியலிட்டுத் தந்த கேம்ஸ்பை சேவை 2014 மே 31-இல் நிறுத்தப்பட்டதால், பல பழைய விளையாட்டுகளில் சர்வர் பட்டியல் வெறுமையாகத்தான் தெரியும். ஆட்டமே செத்துவிட்டதென்று மூடிவிடாதீர்கள். ஏற்பாட்டாளர்கள் தரும் ஐபி முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் கதவு திறக்கும். முகவரியோடு போர்ட் எண்ணும் (சர்வரில் அந்த ஆட்டத்துக்கான வாசல் எண்) கேட்டால், குவேக் 3 என்ற சுடும் விளையாட்டின் சர்வர்களுக்கு வழக்கமாக அது 27960. முகவரி சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையென்றால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஒரு பேட்ச் (திருத்தப் புதுப்பிப்பு) குறைந்தாலே சில சர்வர்கள் விரட்டிவிடும். ஆட்ட நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் உங்கள் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல், ஆட்டம் முடிந்து எல்லோரும் விடைபெறும் வேளையில் போய் நின்றவன் நான்.