ஹோம் தியேட்டர் வாங்கும் முன்: பணம் வீணாகும் இடங்கள்

ஹோம் தியேட்டர் வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" அடுத்தது "5.1-ஆ, 7.1-ஆ?" 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபரும், 7.1 என்றால் கூடுதலாகப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஆனால் முதல் கேள்விகள் அல்ல. ஹாலின் நீள, அகல, உயரம், சோபா எந்தச் சுவரோரம் கிடக்கிறது, உட்காரும் இடத்துக்கும் டிவிக்கும் எத்தனை அடி, இவற்றை இன்ச் டேப் வைத்து அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தத் தாள் இல்லாமல் வாங்கும்போதுதான், கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்கிறது.

வாட்ஸ் என்ற மாயை

அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும், ஒரு கணம் எட்டும் உச்ச சக்தி என்று சொல்லப்படும் பி.எம்.பி.ஓ. எண்ணை மறந்துவிடலாம். அதை எப்படி அளக்க வேண்டும் என்று ஒரு பொதுவிதியே கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அதிலும் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும்: ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, டிஸ்டார்ஷன் என்பது ஒலிச் சிதைவு, சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிப்பாதை. "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரு சேனல்" என்று அளந்த 150 வாட்ஸ் ரிசீவரும் (டிவி, பிளேயர் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி), "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08% டிஸ்டார்ஷன், இரண்டு சேனல்" என்று அளந்த 80 வாட்ஸ் ரிசீவரும் பெரும்பாலும் ஒரே பலம் கொண்டவைதான். ஐந்து சேனலும் ஒன்றாக ஓடும்போது இரண்டுமே சொன்ன அளவைவிடக் குறைவாகத்தான் தரும்.

உள்ளூரில் அசெம்பிள் செய்யும் ஆம்ப்ளிஃபயர்களில் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். மேல் மூடியைக் கழற்றச் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 12-0-12, 5 ஆம்பியர் என்று இருந்தால் அது தரக்கூடிய மொத்தச் சக்தி 24 வோல்ட் பெருக்கல் 5 ஆம்பியர், அதாவது 120 வி.ஏ. இதில் ஒரு நல்ல பங்கு ஹீட் சிங்க்கில் சூடாகவே போய்விடும். மிஞ்சுவது எல்லா சேனலுக்கும் சேர்த்து 60, 70 வாட்ஸ். முன்பக்கம் 1000 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே போகாத கரண்ட் வெளியே வர வழியில்லை.

இப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயர்களில் வரும் "5.1 போர்டு" பற்றியும் ஒரு வார்த்தை. விலை குறைந்த போர்டுகள் பலவற்றில், படத்தின் ஒலியை ஸ்பீக்கர்வாரியாகப் பிரித்தெடுக்கும் டீகோடரே இருக்காது. வரும் ஸ்டீரியோ ஒலியையே ஃபில்டர் போட்டு ஆறாகப் பிரித்து அனுப்பும். ஆறு ஸ்பீக்கரிலும் சத்தம் வரும், ஆனால் படத்தில் பின்னால் போக வேண்டிய மழைச் சத்தம் பின்னால் மட்டும் வராது. பாட்டுக் கேட்க மட்டும் என்றால் அது ஒரு குறையில்லை. படத்துக்கு என்றால், எச்.டி.எம்.ஐ. இன்புட்டும் டால்பி, டி.டி.எஸ். (படங்களின் சரவுண்ட் ஒலி வடிவங்கள்) டீகோடரும் உள்ள ரிசீவர்தான் வேண்டும்.

உண்மையில் எவ்வளவு வாட்ஸ் தேவை? ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். 88 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 88 டெசிபல் சத்தம் என்று பொருள். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 78 கேட்கும். சாதாரண வசனக் காட்சிக்கு அதுவே தாராளம், ஒரு வாட் கூட முழுதாகச் செலவாவதில்லை. 50 வாட்ஸ் கொடுத்தால் 95, 100 வாட்ஸ் கொடுத்தால் 98. வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். 85 டெசிபல் ஸ்பீக்கரை விட்டு 88 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தாலும் அதே 3 டெசிபல் கிடைக்கிறது. அதனால் அடுத்த மாடல் ரிசீவருக்கு வைத்திருக்கும் கூடுதல் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ரிசீவர் சில வருடங்களில் பழைய மாடல் ஆகிவிடும். நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும்.

ஓம் அளவையும் விடாதீர்கள். 6 முதல் 16 ஓம் வரை என்று எழுதிய ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால், சத்தம் கூட்டும்போது ரிசீவர் தற்காப்புக்காக (புரொடெக்ஷன்) தானே அணைந்துவிடலாம். பழைய பாக்ஸ் செட்டோடு வந்த 3, 4 ஓம் சின்ன ஸ்பீக்கர்களைப் புது ரிசீவரில் மாட்டுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது இதுதான்.

ஸ்பீக்கர் எண்ணிக்கையும் சென்டரும்

சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் ஹாலில் 7.1 வாங்குவது வீண். அந்தக் கூடுதல் இரண்டு ஸ்பீக்கரும் தலைக்குப் பின்னால் சில அடியாவது தள்ளி நிற்க வேண்டியவை. அங்கே இடமே இல்லை. 5.1 போதும். சரவுண்ட் ஸ்பீக்கர்கள் உட்காருகிறவரின் பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால், 90 முதல் 110 டிகிரிக்குள், காதைவிட ஒன்றிரண்டு அடி உயரத்தில் வந்தால் சரி. பலர் அதை சீலிங்கின் மூலையில் கொண்டுபோய் மாட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஒலி எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாது.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் வேண்டுமென்றால் 5.1.2 நல்ல தேர்வு. கடைசி 2 என்பது மேலிருந்து ஒலிக்கும் ஸ்பீக்கர்கள். மேல்நோக்கி ஒலித்து சீலிங்கில் பட்டுத் திரும்பும் வகையை வாங்குவதானால், சீலிங் சமதளமாக இருக்க வேண்டும். நம் வீடுகளின் பத்தடி கான்கிரீட் தளம் இதற்கு மிகப் பொருத்தம். படிப்படியாக இறங்கும் ஃபால்ஸ் சீலிங்கோ, அலுவலகங்களில் போடும் மினரல் ஃபைபர் ஓடுகளோ இருந்தால் அந்தப் பணம் போச்சு. அங்கே சீலிங்கிலேயே பதிக்கும் ஸ்பீக்கர் போடுங்கள்.

"படம் ஓடுது, வசனம் மட்டும் புரியல" என்ற குறைதான் எல்லா வீட்டிலும் கேட்பது. வசனம் பெரும்பாலும் டிவிக்கு நேர் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில் வருகிறது. முன் ஸ்பீக்கர் இரண்டையும் நல்லதாக எடுத்துவிட்டு, சென்டரை வேறு கம்பெனியில் மலிவாக எடுத்தால், ஒரு நடிகர் திரையில் இடமிருந்து வலம் நடக்கும்போது அவர் குரல் நடுவில் மாறும். மூன்றும் ஒரே வரிசையில் இருந்து வர வேண்டும். வைக்கும் விதமும் முக்கியம். டிவி யூனிட் அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளி வைத்த சென்டர் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். பலகையின் முன்விளிம்புக்கு இழுத்து, அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, காதைப் பார்த்துச் சற்று நிமிர்த்துங்கள். நல்ல சென்டருக்கு இப்போது காசில்லை என்றால், மோசமான ஒன்றை வாங்குவதைவிட வாங்காமலே இருப்பது மேல். ரிசீவர் அமைப்பில் சென்டர் இல்லை என்று குறித்தால், வசனத்தை இரு முன் ஸ்பீக்கருக்கும் பகிர்ந்து தரும், நடுவில் உட்காருகிறவருக்கு அது நடுவிலேயே கேட்கும்.

சப்வூஃபர்: அளவைவிட இடம்

12 இன்ச் வாங்கினால் 8 இன்ச்சைவிட நல்ல பேஸ் என்று நினைப்பது பாதிதான் சரி. அறையின் அளவே சில தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கும், சிலவற்றை விழுங்கும். கணக்கு எளிது: ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி போகிறது. அதை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால், 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். அந்த ஒலிகள் அறையில் தேங்கி நின்று 'கும்' என்று முழங்கும். 12-க்கு 12 சதுர அறையில் நீளமும் அகலமும் ஒரே ஒலியைப் பெருக்குவதால் தொல்லை இரட்டிப்பு. தனி அறை ஒதுக்க முடிந்தவர்கள் சதுர அறையைத் தவிர்ப்பதே நல்லது.

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், கூடவே முழக்கமும் கூடும். சரியான இடம் தேட ஒரு பழைய வழி உண்டு. சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சப்வூஃபர் வைக்கச் சாத்தியமான இடங்களில் எல்லாம் தரையோரமாகக் குனிந்து கேளுங்கள். எங்கே ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். அரை மணி நேர வேலை, காசு செலவில்லை.

ரிசீவரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை (எந்த ஒலிக்குக் கீழே எல்லாம் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ஸ்பீக்கர் உயரமாக நிற்கிறது என்பதற்காக 'லார்ஜ்' வைக்க வேண்டாம். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை அதிகபட்ச எண் வரை திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு முறை வடிகட்டி, நடுவில் ஒரு ஓட்டை விழும்.

டிவியோடு இணைக்கும்போது

இன்னும் பலர் ஆப்டிகல் கேபிள் போட்டுவிட்டு அட்மாஸ் வரவில்லை என்கிறார்கள். ஓ.டி.டி. தளங்கள் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் அனுப்புகின்றன. ஆப்டிகலில் அது போகாது, எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை அதே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியே போகும். அதன் மேம்பட்ட வடிவமான இ-ஏ.ஆர்.சி. தேவைப்படுவது, புளூரேயில் வருவதுபோன்ற தரம் இழக்காத ஒலியை டிவி வழியாக ரிசீவருக்குக் கொண்டுபோகும்போதுதான். பிளேயரை நேராக ரிசீவரில் செருகினால் அதற்கும் அவசியமில்லை. இந்த ஒரு வசதிக்காக டிவியை மாற்றச் சொன்னால் யோசியுங்கள்.

டிவியின் ஒலி அமைப்பு பி.சி.எம். என்று இருந்தால் பல டிவிகளில் வெறும் ஸ்டீரியோதான் வெளியே வரும். 'பாஸ்த்ரூ' அல்லது 'ஆட்டோ' வைக்க வேண்டும். பென் டிரைவில் படம் பார்க்கிறவர்கள் டிவி டி.டி.எஸ். ஒலியை ஏற்குமா என்று வாங்கும் முன்னரே சோதியுங்கள். ஏற்காத டிவியில் படம் ஓடும், சத்தமே வராது.

திரை அளவுக்கு ஒரு கணக்கு: உட்காரும் தூரம் மூலைவிட்டத்தைப்போல் 1.2 முதல் 1.6 மடங்கு. 55 இன்ச்சுக்கு ஐந்தரை முதல் ஏழே கால் அடி, 65 இன்ச்சுக்கு ஆறரை முதல் எட்டே முக்கால் அடி. புரொஜெக்டர் வாங்குகிறவர்கள் த்ரோ ரேஷியோவை (லென்ஸின் தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்த எண்) பார்ப்பதே இல்லை. 100 இன்ச் திரையின் அகலம் 87 இன்ச். ரேஷியோ 1.5 என்றால் லென்ஸ் கிட்டத்தட்ட 11 அடி தள்ளி நிற்க வேண்டும். அதோடு புரொஜெக்டரின் உடலும் பின்னால் கேபிளும் ஒன்றரை அடி. 12 அடி அறையில் அது அடங்காது. '4கே சப்போர்ட்' என்பதும் '4கே' என்பதும் வேறு. நேட்டிவ் ரெசல்யூஷன் (புரொஜெக்டர் உண்மையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை) எவ்வளவு என்று கேளுங்கள். வெளிச்சத்துக்கு ஆன்சி அல்லது ஐ.எஸ்.ஓ. லுமென்ஸ் எண்ணை மட்டும் நம்புங்கள்.

வயரும் கரண்டும்

ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஸ்பீக்கர் வயர் தேவையில்லை, ஆனால் மெல்லிய வயரும் கூடாது. 15 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் போய்வரும் தடை சுமார் 0.36 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பரவாயில்லை. அதே தூரத்துக்கு 0.5 போட்டால் ஒரு ஓம் தாண்டிவிடும், பேஸ் தளர்ந்து கேட்கும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் செம்பு நிறத்திலேயே இருக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அது வேண்டாம்.

வீடு கட்டும்போதே காடி வெட்டிப் பைப் பதிக்கிறவர்கள் முக்கால் இன்ச் பைப்போடு நின்றுவிடுகிறார்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை 20 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம், முக்கால் இன்ச் பைப்பின் வளைவில் சிக்கிக்கொள்ளும். ஒன்றேகால் இன்ச் பைப், அகன்ற வளைவு, உள்ளே ஒரு இழுகம்பி, இவை இருந்தால் பத்து வருடம் கழித்தும் கேபிள் மாற்றலாம். ஐந்து மீட்டருக்கு மேல் 4கே கொண்டுபோக ஃபைபர் எச்.டி.எம்.ஐ. கேபிள் போடுங்கள். அதற்குத் திசை உண்டு. 'சோர்ஸ்' என்று எழுதிய முனை ரிசீவர் பக்கம் வர வேண்டும். தலைகீழாக இழுத்துப் பூசிவிட்டால் திரும்பச் சுவரை உடைக்க நேரும். பூசும் முன் ஒருமுறை படம் ஓட்டிப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரிசீவர் 120 வோல்ட் என்றால் நேரடியாகச் செருகிய மறு நொடி போய்விடும். ஸ்டெப்-டவுன் வைத்தாலும் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகலாம், இங்கே வாரண்டியும் கிடைக்காது.

விடாமல் 'ஹம்' சத்தம் வந்தால் கேபிள் டிவி அல்லது டி.டி.எச். வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவதால் வரும் சத்தம். டிவி, செட்டாப் பாக்ஸ், ரிசீவர், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே பாயிண்டில் இருந்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். எக்காரணம் கொண்டும் எர்த் பின்னை வெட்டாதீர்கள். உயிருக்கு ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் டி.டி.எச். வயர் வழியாகவும் மின்னல் வரும். இடிக்கும்போது பிளக்கோடு அந்த வயரையும் கழற்றுங்கள். ரிசீவரைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் அடைக்காமல், மேலே நாலைந்து இன்ச்சாவது விடுங்கள்.

எதிரொலி

விட்ரிஃபைட் டைல்ஸ், பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள ஹாலில் கைதட்டினால் 'சிர்ர்' என்று ஒரு வால் நீளும். அந்த வால்தான் வசனத்தை மங்கச் செய்வது. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே தடித்த கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி, இவை பத்தாயிரம் ரூபாய் ரிசீவர் மாற்றத்தைவிட அதிகம் செய்யும். முட்டை அட்டையும் ஒரு இன்ச் ஃபோமும் உச்ச ஒலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். 80 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 14 அடி. ஒரு இன்ச் பஞ்சு அதை ஒன்றும் செய்யாது, பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தையும் நிறுத்தாது. முட்டை அட்டை எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாட்டி முடித்த ஆளுக்குப் பணம் கொடுக்கும் முன், ரிசீவரின் டெஸ்ட் டோனை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓட்டிக் கேளுங்கள். சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால் முன்பக்க ஒலி நடுவில் நிற்காது, பேஸ் மெலியும். அதன்பின் ஆட்டோ செட்டப், அதாவது ரிசீவர் தன்னோடு வரும் மைக்கால் அளந்து ஒலியைத் தானே சரிசெய்வது. மைக்கைச் சோபா மெத்தையின்மேல் வைக்காமல், ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள். சீலிங் ஃபேனை அணையுங்கள், ஏசியையும்.