ஸ்போர்ட்ஸ் காடிக்கு அப்சோர்பர் (சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் தண்டு) மாற்றப் போகிறீர்களா?

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை லோரிகள் குழிபறித்த தோட்டத்துச் சாலையில்தான் தினமும் வேலைக்குப் போய்வருகிறீர்கள் என்றால், சிப்பாங் பந்தயத் தடக் கனவைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள்.

பலரும் செய்யும் தப்பு, பழைய அப்சோர்பரிலேயே, காடியின் உயரத்தை இறக்கும் குட்டை ஸ்பிரிங்கை மாட்டுவது. காடி நிற்க அழகுதான். ஆனால் அப்சோர்பரின் தண்டு எப்போதும் பாதி அமுங்கியே கிடக்கும். குழி வந்தால் பம்ப் ஸ்டாப்பில், அதாவது தண்டு முழுக்க அமுங்காமல் தடுக்கும் கட்டையில், 'டம்'மென்று இடிக்கும். நானும் 40 மில்லிமீட்டர் இறக்கினேன். கோயில் முன்னாலிருக்கும் மேட்டில் முன் பம்பரின் உதடு கழன்று விழுந்தது. பூசை முடிந்து வந்தவர்கள்தான் எடுத்துக் கொடுத்தார்கள்!

உயரத்தை மாற்றாமல் பிடிப்பு மட்டும் வேண்டுமென்றால் பில்ஸ்டைன் கம்பெனியின் பி6 அப்சோர்பர் மாதிரி எடுங்கள். பி8 இறக்கிய காடிக்கென்றே குட்டையாகச் செய்தது.

காயில்ஓவர்தான் (ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒன்றாக, உயரம் மாற்றும்படி வரும் செட்) வேண்டுமா? அப்சோர்பரின் இறுக்கத்தை மாற்றும் திருகில் எத்தனை 'கிளிக்' என்று கேட்காதீர்கள், ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ என்று கேளுங்கள். எண் கூடக்கூட இடுப்புதான் பதில் சொல்லும். ஸ்பிரிங் தட்டைத் திருகாமல், அடிப்பகுதியைத் திருகி உயரம் மாற்றும் வகையே நல்லது. அப்சோர்பரின் ஓட்டம் குறையாது.

மாட்டும்போதே டாப் மவுண்ட் (அப்சோர்பரின் மேல்முனையைக் காடியோடு பிடிக்கும் பாகம்), பம்ப் ஸ்டாப், தூசி ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். கூலி ஒன்றுதானே. அன்றைக்கே சக்கர அலைன்மென்ட்டும் பாருங்கள். செம்மண் சேறு காயில்ஓவரின் திருகு மரைகளில் காய்ந்து இறுகிவிடும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.