ஆங்கில ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: செபராங் பிறை வகுப்பறையிலிருந்து

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் அதன் இலக்கியப் பகுதியும் கற்பித்து வருகிறேன். ஓராண்டுப் புகுமுக வகுப்பு வழியாகவோ, நேராக இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்துக்கோ வரும் இவர்களில் பலர் வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் பேசுபவர்கள்; ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாம் மொழி. ஆசிரியர்களாகிய நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பிள்ளை ஏற்கெனவே என்ன கொண்டுவந்திருக்கிறது என்று பாராமல் பாடத்தைத் தொடங்குவதால் வருகின்றன என்பதே என் அனுபவம்.

முதலில், எல்லாப் பிழைகளையும் கவனக்குறைவு என்று ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது. ‘பாரோ மீ யுவர் பென்’ என்று கேட்கும் மாணவனிடம், ‘லெண்ட் என்று சொல்’ எனத் திருத்திவிட்டு நகர்ந்தால், மறுநாளும் அதே பிழை வரும். பேச்சு மலாயில் ‘பிஞ்சாம்’ என்னும் ஒரே சொல் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பயன்படுவதால்தான் அவன் தடுமாறுகிறான். ஆனால் அவனுடைய தாய்மொழி ‘இரவல் கொடு’, ‘இரவல் வாங்கு’ என்று இரண்டையும் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது. அதை நினைவூட்டினால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறான். ‘ஹி’, ‘ஷி’ குழப்பமும் அப்படித்தான். மலாயின் ‘டியா’ ஆண்பெண் வேறுபாடு காட்டாது. தமிழின் ‘அவன்’, ‘அவள்’ காட்டும். மலாய் வினைச்சொல் காலத்துக்கேற்ப வடிவம் மாறாது. ‘வந்தான், வருகிறான், வருவான்’ என்று மாற்றிப் பழகிய பிள்ளைக்கு, ஆங்கில வினை ஏன் மாறுகிறது என்பதைப் புதிதாக விளக்க வேண்டியதே இல்லை.

ஆங்கிலத்தின் ‘அ’ (a), ‘தி’ (the) என்னும் இரு சிறு சொற்கள்தாம் மெய்யாகவே கடினமானவை. அவற்றுக்கு நேரான சொற்கள் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. ஆயினும் ‘ஒரு பையன் வந்தான், அந்தப் பையன் அழுதான்’ என்று நாம் கதை சொல்லும் முறையிலிருந்து தொடங்கினால், முதல் தடவை குறிப்பிடுவதற்கும் மறுபடி குறிப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் புலப்படும். எஞ்சியவை பழக்கத்தில்தான் வரும். அதற்கு ஓராண்டு போதாது. இந்த இடத்தில் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஆங்கிலம் வளரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். நான் மேலே சொன்ன பிடிமானங்கள் அத்தனையும் அந்தத் தமிழில்தான் இருக்கின்றன.

சிவப்பு மையைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இரண்டாம் படிவ மாணவன் ஒருவன், பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை செய்யும் தன் தந்தையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தான். விடியற்காலையில் தந்தை வீட்டுக்குள் நுழையும்போது அவருடைய சட்டையில் வீசும் எண்ணெய் வாடையைக்கூட எழுதியிருந்தான். நான் 27 இடங்களில் சுழித்து, கீழே ‘கவனமாக எழுதவும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த கட்டுரையில் அவன் ஆறே வாக்கியங்கள் எழுதினான், ஆறிலும் பிழையில்லை, ஆறிலும் ஒன்றுமில்லை. பிழை செய்யாதிருக்க எளிய வழி எழுதாமலிருப்பது என்று அவனுக்குக் கற்பித்தவன் நானே. இப்போது ஒரு கட்டுரையில் இரண்டு வகைப் பிழைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிழையுள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்கிறேன். பிழையைக் கண்டுபிடிப்பது மாணவனின் வேலை. அவன் சொல்லியிருக்கும் செய்தியைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் ஏட்டைத் திருப்பித் தருவதில்லை.

இப்படிச் செய்தால் தேர்வில் மதிப்பெண் குறையாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில், 2021ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத் தேர்வு வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்களாக நடக்கிறது. எழுத்துத் தாளில் உள்ளடக்கம், சொல்ல வந்ததை உரிய முறையில் சொல்லுதல், ஒழுங்கமைப்பு, மொழி ஆகிய நான்கும் தனித்தனியாக மதிப்பிடப்படுகின்றன. மொழி அவற்றில் ஒன்றுதான். பறவைகள் கீச்சிட, சூரியன் பிரகாசிக்கத் தொடங்கும் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைப்பதும் இதே காரணத்தால் வீண்வேலை. முதல் பகுதியில் ஒரு மின்னஞ்சலுக்குச் சுமார் 80 சொற்களில் பதில் எழுத வேண்டும். கேட்ட கேள்விகளுக்கு விடை இல்லையென்றால் மனப்பாடப் பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. பேச்சுத் தேர்வுக்கு ஐந்தாம் படிவத்தில் மட்டும் பயிற்சி தருவதும் தவறு. இருவர் சேர்ந்து உரையாட வேண்டிய தேர்வு அது. மற்றவர் சொல்வதைக் கேட்டு அதிலிருந்து பேச்சைத் தொடரும் பழக்கம் முதலாம் படிவத்திலேயே தொடங்க வேண்டும்.

இலக்கியத்தில் நாம் செய்யும் தவறு இவை எல்லாவற்றிலும் பெரியது. 2000ஆம் ஆண்டில் இலக்கியம் ஆங்கிலப் பாடத்தின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டபோது, கருப்பொருள், தொனி, நன்னெறி என்று குறிப்புகளை எழுதிப்போட்டு ஒப்பிக்க வைத்தோம். இன்றைய எஸ்.பி.எம். ஆங்கிலத் தாள்களில் இலக்கியத்துக்குத் தனிக் கேள்வி இல்லை என்றதும், அந்த வகுப்பையே இலக்கணப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் பெருகியிருக்கிறார்கள். இரண்டு வழியிலும் கவிதை பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்வதில்லை.

என் தொடக்க ஆண்டுகளில், நான்காம் படிவத்துக்கு ஷேக்ஸ்பியரின் பதினெட்டாம் சானட் பாடமாக இருந்தது. அன்புக்குரியவரைக் கோடை நாளோடு ஒப்பிடலாமா என்று கேட்டுத் தொடங்கும் கவிதை அது. நான் குறிப்பைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவி எழுந்து, “சார், வெயில் மாதிரி இருக்கேன்னு சொன்னா அது திட்டுறதுதானே?” என்றாள். வகுப்பு சிரித்தது. “குறிப்பை எழுதும்மா” என்று அவளை உட்கார வைத்தேன். அந்தக் கவிதைக்குள் நுழைவதற்கான கதவை அவள்தான் திறந்தாள்; மூடியவன் நான். ஆண்டு முழுவதும் வேர்க்கும் ஊரில் வளர்ந்தவளுக்குக் கோடை எப்படி இன்பமாகும்? குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் இங்கிலாந்தில் கோடை ஏங்கிப் பெறும் சில வாரங்கள் என்பதையும், அதுகூட விரைவில் முடிந்துவிடுகிறதே என்ற வருத்தத்தின் மேல்தான் அந்தக் கவிதை நிற்கிறது என்பதையும் அவளுடைய கேள்வியிலிருந்தே சொல்லியிருக்கலாம். நம் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, வேனிலையும் நண்பகலையும் பாலைக்கும் பிரிவுக்கும் உரியதாக்கியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கலாம். அன்பான வரவேற்பை ஆங்கிலத்தில் ‘வார்ம்’ என்கிறார்கள்; நாமோ மனம் குளிர வரவேற்கிறோம். இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்ட பிள்ளை எந்த ஆங்கிலக் கவிதையையும் அஞ்சாமல் கேள்வி கேட்கும்.

இப்போது என் வகுப்பில் முதல் பாடவேளையில் குறிப்பு கிடையாது. கவிதையை இரண்டு முறை உரக்கப் படிக்கிறோம். விளங்காத வரிக்கும் பிடித்த வரிக்கும் மாணவர்கள் பென்சிலால் கோடிடுகிறார்கள். மனத்தில் தோன்றியதை ஓரத்தில் எழுதுகிறார்கள். சிலர் அதைத் தமிழில் எழுதுகிறார்கள், அழிக்கச் சொல்வதில்லை. அடுத்த பாடவேளையில் அந்தத் தமிழ் வரியை எடுத்து ஆங்கில வாக்கியமாக்குவதுதான் எங்களுடைய எழுத்துப் பயிற்சி.